குளிர்கால மரக்கறிப் பங்கு: ஒன்ராறியோத் தமிழ்க் குடும்பங்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் மரக்கறி விலை ஏறுவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எந்தக் கடையில் எந்தக் கிழமை மலிவு, உறைய வைத்த மரக்கறியை எப்படிச் சமைக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவையே. ஆனால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள சிறு பண்ணைகள் பல ஆண்டுகளாக நடத்திவரும் குளிர்கால மரக்கறிப் பங்குத் திட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் பழகும் தமிழ்க் குடும்பங்களிலும் அதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. நகருக்குக் கிழக்கே உள்ள ஒரு பண்ணையில் எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாகப் பங்கு எடுத்து வருகிறது. அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். இப்போதே எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்தப் பங்குகளுக்கான பதிவு பெரும்பாலும் கோடை முடிந்து இலை பழுக்கத் தொடங்கும் காலத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. டிசெம்பரில் விலையைப் பார்த்துத் திகைத்தபின் தேடினால் இடம் கிடைப்பது அரிது.

முறை எளிமையானது. ஒரு குடும்பம் பருவம் முழுவதற்குமான தொகையைப் பண்ணைக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறது. நவம்பர் முதல் பெப்ரவரி அல்லது மார்ச் வரை, பெரும்பாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அந்தப் பண்ணையில் விளைந்ததில் அதற்குரிய பங்கு பெட்டியிலோ பையிலோ கிடைக்கிறது. பண்ணைக்கே போய் எடுக்கலாம். நகருக்குள் ஒரு தேவாலய மண்டபம், ஒரு சமூக நிலையம், பங்காளர் ஒருவரின் கராஜ் என்று குறித்த இடத்தில் குறித்த நேரத்திலும் எடுக்கலாம். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை அந்த ஆண்டின் மழையும் வெயிலுமே தீர்மானிக்கின்றன. நன்றாக விளைந்த ஆண்டில் எல்லாருடைய பெட்டியும் கனக்கும். கரட் பாத்தியில் புழு விழுந்த ஆண்டில் எல்லாருடைய பெட்டியிலும் கரட் குறையும். அந்த நட்டத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் ஒருவர் பங்காளராகிறார். கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒப்புதலில் இருக்கிறது.

வட அமெரிக்காவில் இந்தப் பங்கு முறை 1986இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையிலும் நியூ ஹாம்ப்ஷயரின் ரெம்பிள் வில்ரன் சமூகப் பண்ணையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியது. இந்தியன் லைன் பண்ணைக்காரர்கள் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அப்பிளைப் பங்கிட்டுப் பார்த்துவிட்டே மரக்கறிக்கு வந்தார்கள். சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் இதே வகையான பண்ணைகள் அப்போதே இருந்தன. ஜப்பானிலோ, பூச்சிமருந்து பற்றிக் கவலை கொண்ட குடும்பப் பெண்கள் 1970களிலேயே விவசாயிகளோடு நேரடியாக உடன்பாடு செய்துகொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

பணத்தை முன்கூட்டியே கட்டுவது ஏன் அவசியம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களவர்கள் முதலில் தயங்கும் இடம் அதுதான். ஒரு சிறு மரக்கறிப் பண்ணைக்குச் செலவு வரும் காலம் ஒன்று, வரவு வரும் காலம் வேறொன்று. ஜனவரியில் விதைக்குப் பணம் கட்ட வேண்டும். மார்ச்சில் நாற்று வீட்டைச் சூடாக்க வேண்டும். மே மாதத்திலிருந்து கூலி கொடுக்க வேண்டும். ஒக்ரோபர் இறுதியில் ஊர்ச் சந்தைகள் பலவும் மூடிவிடும். இடையில் உள்ள மாதங்களைக் கடனில் கடக்கும் பண்ணைக்கு ஒரு கெட்ட ஆண்டே போதும், நிலத்தை விற்றுவிட வைக்கும். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நடுகைக் காலத்தில் வாங்கிய கடனுக்காக, விளைந்ததைக் கடன் கொடுத்தவர்கள் சொன்ன விலைக்கே விட்டுவிட்டு வந்ததையும், சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று எடுத்துக்கொள்வதை எதிர்த்துப் பேச முடியாமல் நின்றதையும் கண்டவர்கள் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். உண்பவரே விதைக்கும் காலத்துக்கு முன் பணம் கொடுத்துவிட்டால் அந்தக் கடனும் தரகும் இடையில் நுழைய வழியில்லை. சீட்டுக் கட்டிப் பழகிய சமூகம் நாங்கள். ஒருவரை ஒருவர் நம்பி மாதாமாதம் பணம் போடுகிறோம். அந்த நம்பிக்கையில் ஒரு பகுதியை முப்பது, நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வைக்க எங்களால் முடியும் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த தயக்கம், "அது வெள்ளைக்காரச் சாப்பாடு, எங்கள் சமையலுக்குச் சரிவராது" என்பது. இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து காட்டவே விரும்பியிருக்கிறேன். கரட், பீட்ரூட், கோவா, உருளைக்கிழங்கு, வெங்காயம், உள்ளி, லீக்ஸ், பூசணி ஆகியவைதாம் ஒன்ராறியோக் குளிர்காலப் பங்கின் பெரும்பகுதி. நுவரெலியாவிலிருந்து லொறியில் இறங்கி எங்கள் ஊர்ச் சந்தைகளுக்கு வந்ததும் இதே மலைநாட்டு மரக்கறிகள்தாம். குளிர்நிலத்துப் பயிர்களை நாங்கள் இரண்டு தலைமுறைக்கு மேலாகச் சமைத்து வருகிறோம். நோக்கோல்கூட இங்கே கிடைக்கிறது. குளிர்காலத்துக்கென்று வளர்க்கும் நோக்கோல் ஒரு தேங்காய் அளவுக்குப் பெருத்திருக்கும். பார்க்கும்போது முற்றிவிட்டதோ என்று தோன்றும். தோலைத் தடிப்பாகச் சீவி எறிந்தால் உள்ளே முற்றல் இல்லை, பால்கறிக்கு நன்றாகவே வேகும்.

பழக்கமில்லாதவை மூன்று நான்கு வரும். கேல் என்ற கீரையை நரம்பு நீக்கி, நுணுக்கமாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை செய்தால் வீட்டில் ஒருவரும் மிச்சம் வைப்பதில்லை. பீட்ரூட்டின் இலை வந்தால் அதுவும் அப்படியே. ருட்டபேகா என்னும் மஞ்சள் நிறக் கிழங்கை முள்ளங்கி போடும் குழம்பில் போடலாம். பாஸ்னிப் என்னும் வெள்ளைக் கிழங்குதான் எனக்கு நீண்ட காலம் வசப்படவில்லை. அது இனிப்புக் கிழங்கு, தேங்காய்ப்பால் விட்டால் இன்னும் இனிக்கும். மெல்லிய துண்டுகளாக வெட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் பிசறி, எண்ணெயில் முறுக விட்டு, இறக்கும்போது தேசிக்காய் பிழிவதே அதற்கு ஏற்ற வழி. பட்டர்நட் பூசணிக்கு வெந்தயமும் கறிவேப்பிலையும் போதும். கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் எப்படியும் மார்க்கம் வீதிக் கடைகளில் வாங்கத்தான் போகிறோம். அந்தக் கடைகளை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வரும் கரட்டையும் கோவாவையும் மட்டும் இங்கத்தைய கரட்டாலும் கோவாவாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே என் வேண்டுகோள்.

சுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறைபனி தொடங்கிய பின் தோண்டும் கரட்டும் பாஸ்னிப்பும் கோடையில் பிடுங்கியவற்றைவிட இனிப்பாக இருக்கின்றன. குளிர் கூடும்போது இந்தப் பயிர்கள் தம்மிடமுள்ள மாப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கூடிய சாறு எளிதில் உறைவதில்லை. எங்கள் வீட்டில் பச்சைக் கரட்டைத் தொடாதிருந்த பிள்ளைகள் நவம்பர் மாதத்துப் பைக் கரட்டைக் கழுவிய கையோடு கடித்துத் தின்கிறார்கள்.

ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பச்சை இலை எப்படி வருகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சூடேற்றும் இயந்திரம் எதுவும் இல்லாமலே வருகிறது. இரும்புக் குழாய் வளைவுகளின் மேல் பிளாஸ்ரிக் விரித்து அமைத்த நீண்ட கூடாரங்களில் ஸ்பினாச் போன்ற குளிர்தாங்கும் கீரைகளை விதைக்கிறார்கள். கடுங்குளிரில் செடிகளின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றையும் போர்த்துகிறார்கள். பெப்ரவரிக் காலை ஒன்றில் பங்கு எடுக்கப் போனபோது அந்தக் கூடாரத்துக்குள் எங்களை அழைத்துச் சென்றார்கள். ஸ்பினாச் இலைகள் விறைத்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் இலை பழுதாகிவிடும் என்று பண்ணைக்காரர் தொடவிடவில்லை. வெயில் ஏறி, துணியிலிருந்து நீர் சொட்டத் தொடங்கி, நண்பகல் நெருங்கியபோது அதே இலைகள் நிமிர்ந்து நின்றன. அதற்குப் பிறகே கத்தியை எடுத்தார்கள். இந்த இடத்தில் திட்டமிடலின் அருமையும் தெரிகிறது. எங்கள் பகுதியில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரை பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அந்த மாதங்களில் செடி ஏறத்தாழ வளர்வதே இல்லை. ஆகவே நடுக்குளிரில் வெட்டும் கீரை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே விதைக்கப்பட்டு, இருள் கூடுமுன் வளர்ந்து முடிந்திருக்க வேண்டும். எத்தனை பங்காளர் என்பது பண்ணைக்கு முன்னரே தெரிந்தால்தான் எத்தனை பாத்தி விதைப்பது என்று தெரியும்.

வாங்கியதை வைத்திருப்பதும் ஒரு வேலை, அதை மறைத்து ஆள் சேர்ப்பது நியாயமல்ல. கரட், பீட்ரூட், பாஸ்னிப், கோவா ஆகியவற்றுக்கு உறைநிலையை ஒட்டிய குளிரும் நல்ல ஈரப்பதமும் வேண்டும்; அவை கிடைத்தால் கரட் மாதக்கணக்கில் கெடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டே அதற்கு அருகில் வரும் இடம். இலையை அறுத்துவிட்டு, கழுவாமல், பையில் கட்டி வைக்க வேண்டும். அதே தட்டில் அப்பிள் வைக்கக் கூடாது. அப்பிளிலிருந்து வெளியாகும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்கச் செய்துவிடும். வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் நேர்மாறாக உலர்ந்த காற்று வேண்டும். உருளைக்கிழங்கை இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்து உண்ணத் தகாததாகும். மிகுந்த குளிரில் வைத்தால் மா இனிப்பாக மாறி, பொரிக்கும்போது கறுக்கும். பூசணிக்குக் குளிரே ஆகாது. பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே போகாத, காற்றோட்டமுள்ள அறை மூலை போதும். பட்டர்நட் அங்கே தைப்பொங்கல் தாண்டியும் இருக்கும். நிலக்கீழ் அறையில் சூடேற்றாத மூலை ஒன்று இருக்கும் வீட்டுக்காரருக்கு இவையெல்லாம் எளிது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அரைப்பங்கு எடுப்பது நல்லது, அல்லது ஒரே மாடியில் உள்ள இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பங்கு எடுக்கலாம். பல்கனியில் வைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம், ஓர் இரவில் எல்லாம் உறைந்துவிடும்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, கார் இல்லாமல், சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்குள் ஓரிடத்துக்குப் போய்ப் பெட்டி எடுக்க முடியாதவர்களுக்கு இது சுமையாகவே இருக்கும். பல நூறு டொலரை ஒரே முறையில் கட்டுவதும் எளிதல்ல. தவணையில் கட்ட விடும் பண்ணைகளும் உண்டு, கேட்டுப் பார்க்க வேண்டும். சேருமுன் வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும். பெட்டியில் உள்ளவை முழுவதும் அவர்களுடைய நிலத்தில் விளைந்தவையா, அயல் பண்ணைகளில் வாங்கிச் சேர்த்தவையும் உண்டா? ஒரு பயிர் பொய்த்தால் என்ன செய்வார்கள்? நிலத்தில் வேலை செய்பவர்கள் யார், அவர்களுக்கு எப்படிக் கூலி? ஒன்ராறியோவின் தோட்டங்களில் 1966 முதல் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் முதலில் யமெய்க்காவிலிருந்தும் பின்னர் மெக்சிக்கோ முதலான நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து உழைக்கிறார்கள். குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்து உழைப்பதன் வலி தெரிந்தவர்கள் என்ற வகையில் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும் கடமை எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக உண்டு.

தூரத்திலிருந்து வருவதை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை 2022 இலையுதிர் காலத்தில் கண்டோம். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெற்றூஸ் பயிரை வைரசு நோய் தாக்கியது. சில கிழமைகளில் இங்கே அதன் விலை பல மடங்கானது, சில உணவகங்கள் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டன. 2025இல் எல்லைக்கு அப்பால் அமெரிக்கா விதித்த வரிக்குப் பிறகு, கனடியப் பொருளையே வாங்குவோம் என்று எங்கள் வீடுகளிலும் பேசினோம், கடையில் பொருளைத் திருப்பித் திருப்பி எங்கே விளைந்தது என்று பார்த்தோம். அப்படி ஒவ்வொன்றாகத் தேடுவதைவிடப் பண்ணையின் பங்கில் சேர்வது உறுதியான வழி.

எங்கள் வீட்டு வாசலிலேயே விளைநிலம் இருப்பதைப் பலர் உணர்வதில்லை. ஸ்காபுறோவின் கிழக்கு விளிம்பிலிருந்து வடக்கே விரியும் ரூஜ் தேசிய நகரப் பூங்காவின் 79 சதுர கிலோமீற்றருக்குள் இன்றும் பயிர் செய்யப்படும் வயல்கள் இருக்கின்றன. வடக்கே நெடுஞ்சாலை 400 ஊடறுத்துச் செல்லும் ஹொலன்ட் மார்ஷ், 1920களில் சதுப்பை வடித்து உருவாக்கிய கரிய மண். கரட்டுக்கும் வெங்காயத்துக்கும் பெயர்பெற்ற இடம். ரூஜ் பூங்காவை அடுத்து பிக்கறிங்கில் உள்ள விவசாய ஒதுக்கு நிலம், 2022இல் மாகாண அரசு வீடு கட்டுவதற்காகப் பசுமை வளையத்திலிருந்து, அதாவது நகரைச் சுற்றிச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நிலத்திலிருந்து, நீக்கிய ஏறத்தாழ 7,400 ஏக்கரின் மிகப் பெரிய பகுதி. மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு 2023இல் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் சட்டம் நிலத்தைத்தான் காக்கும், அதில் பயிர் செய்பவரைக் காக்காது. 2021 விவசாயக் கணக்கெடுப்பின்படி கனடிய விவசாயியின் சராசரி வயது 56. 2016க்கும் 2021க்கும் இடையில் ஒன்ராறியோ நாளொன்றுக்கு 319 ஏக்கர் விளைநிலத்தை இழந்தது என்று அதே கணக்கெடுப்பை வைத்து ஒன்ராறியோ விவசாயிகள் கூட்டமைப்பு சொல்லி வருகிறது. குளிர்காலத்திலும் ஒரு வருமானம் உண்டு என்ற உறுதி இருந்தால்தான் இளையவர் ஒருவர் இந்தத் தொழிலில் நிற்பார். அந்த உறுதியைத் தரக்கூடியவர்கள், அவருடைய வயலிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் குடியிருக்கும் நாங்கள்.

எங்கள் அமைப்புகளிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். ஓர் இடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்காளர்கள் சேர்ந்தால்தான் பண்ணைகள் அங்கே பெட்டிகளைக் கொண்டுவந்து தரும். கோயில் மண்டபமோ முதியோர் சங்கமோ தமிழ்ப் பாடசாலையோ அப்படியோர் இடத்தை ஒதுக்கித் தந்தால், கார் இல்லாதவர்களும் பேரூந்தில் வந்து எடுத்துப் போகலாம்; ஆங்கிலத்தில் பதிவுசெய்யத் தயங்கும் முதியவர்களுக்கு அங்குள்ள இளையவர்கள் உதவலாம். இரண்டாவது, அன்னதானம் நடத்தும் கோயில்கள் தாமே பங்கு எடுக்கலாம். வெள்ளிக்கிழமைச் சமையலுக்குக் கரட்டும் கோவாவும் உருளைக்கிழங்கும் பூசணியும் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று மடைப்பள்ளியில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஒரு கோயில் எடுக்கும் பங்குகளே ஒரு சிறு பண்ணையின் பாத்திகளில் கணிசமானதாக இருக்கும்.

பங்காளர்கள் கூடினால் கேட்கும் உரிமையும் கூடும். விதை வாங்குமுன் அடுத்த ஆண்டுக்கு எது வேண்டும் என்று பங்காளர்களிடம் கேட்கும் பண்ணைகள் உண்டு. நாங்கள் கேட்டு, எங்கள் பண்ணையில் நீள வெள்ளை முள்ளங்கி கூடுதலாக விதைத்தார்கள். அது குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கக்கூடியது. கோடைகாலப் பங்கில் வெண்டியும் நீளக் கத்தரியும் கேட்கலாம். அவற்றை இந்த மாகாணத்தில் பயிரிடுவது பற்றி நயாகராப் பகுதியிலுள்ள வைன்லன்ட் ஆய்வு நிலையம் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறது. வாங்குவோர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பண்ணைக்காரர் விதைக்கத் தயங்கமாட்டார்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிறம்ரன் ஆகிய இடங்களுக்குப் பெட்டி கொண்டுவரும் பண்ணைகள் எவை, முழுப்பங்குக்கும் அரைப்பங்குக்கும் கட்டணம் என்ன, பதிவு எப்போது முடிகிறது, தவணை உண்டா என்னும் விபரங்களைத் திரட்டி, பதிவு முடியுமுன் தங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். ஏற்கெனவே பங்கு எடுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் தாம் எடுக்கும் இடத்தையும், அங்கே இன்னும் இடமிருக்கிறதா என்பதையும் தங்களுக்கு எழுதி அறிவித்தால் அந்தப் பட்டியல் விரைவில் நிறையும். எங்கள் பண்ணையின் விபரத்தைத் தனித்தாளில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஸ்காபுறோ